மூன்றாம் ஆசிரியர்

பெரிய டீச்சர் இறந்த ஆறாவது வாரத்தில் பாடநூல் வாரியத்திலிருந்து அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. முன்கூட்டித் தெரிவிக்காமல் இறந்ததற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்க வேண்டும், தவறினால் அவரிடம் சொல்ல எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளப்படும் என்று அதில் இருந்தது.

கடிதத்தைப் பிரித்தவர் சின்ன டீச்சர். இருவரும் அக்கா தங்கை. இருவருக்கும் வேதியியல், பள்ளிக்கூடம் வேறு வேறு, வீடு ஒன்று. பதினோரு வருஷங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் ஏழாம் பாடமான ‘சகப்பிணைப்பு’ என்பதை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். பாடத்தின் கடைசியில், பயிற்சி வினாக்களுக்கும் கீழே, பொடி எழுத்தில் இரண்டு பெயர்களும் இருக்கும். அந்தப் பெயர்களைப் படித்தவர்கள் அச்சகத்துக்காரரும் அத்தானும் மட்டுமே.

அத்தான், அதாவது பெரிய டீச்சரின் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். கடிதத்தை வாங்கிக் கிட்டத்தில் ஒருமுறையும் தூரத்தில் ஒருமுறையும் வைத்துப் படித்தார்.

“உங்க அக்காகிட்ட குடு. இந்த மாதிரிக் காகிதத்துக்கெல்லாம் அவதான் பதில் போடுவா” என்றார். சொன்ன பிறகு கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

ஆறு வாரமாக இப்படித்தான். சாவியைக் காணோம் என்றால் ‘அவ எங்கயோ வெச்சிருக்கா’ என்பார். குழாய் சொட்டினால் ‘நேத்தே சொன்னா, நான்தான் மறந்துட்டேன்’ என்பார். பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு கால்புள்ளியைக்கூடச் சும்மா விடாத சின்ன டீச்சர், இதை மட்டும் திருத்துவதில்லை.

விளக்கம் கொடுக்க அவரே வாரியத்துக்குப் போனார். இரண்டாம் மாடியில் இடது பக்கம் ‘வாழும் ஆசிரியர்கள் பிரிவு’, வலது பக்கம் ‘மறைந்த ஆசிரியர்கள் பிரிவு’. இடது பக்கம் ஒரே கூட்டம். வலது பக்கத்தில் நாற்காலிகள் துடைத்து வரிசையாகப் போடப்பட்டிருந்தன; ஆள்தான் இல்லை.

பிரிவு அலுவலர் நல்ல மனுஷர். எழுந்து நின்று வரவேற்றார்.

“உக்காருங்கம்மா. துக்கம் நடந்த வீட்டுக்காரங்களை நிக்க வைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையே இருக்கு. ஏழு நிமிஷம் வருத்தம் தெரிவிக்கலாம்னு இருக்கு. அதை நாம கடைசியில வெச்சுக்கலாமா?”

சின்ன டீச்சர் தலையாட்டினார்.

“விஷயம் இதுதான். வாரியப் புத்தகத்துல இருக்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். செத்தவங்க பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நாங்களும் எண்பத்தேழு பேருக்கு எழுதிப் பாத்துட்டோம். ஒருத்தர், மரியாதைக்குக்கூட ஒரு வரி போடலை. அதனால மறைந்தவங்க எழுதின வாக்கியங்களை எல்லாம் எடுத்துடறதுன்னு முடிவு.”

“இந்த விதிகளை எல்லாம் கண்டுபிடிச்ச விஞ்ஞானிங்க எப்பவோ போய்ட்டாங்களே சார்?”

“அவங்க நம்ம வாரியத்துக்கு எழுதலையேம்மா.”

மேஜை இழுப்பறையிலிருந்து பாடத்தின் பிரதி ஒன்றையும் இரண்டு பென்சில்களையும் எடுத்தார். நீங்கள் எழுதிய வாக்கியங்களுக்குக் கீழே நீலக் கோடு, அக்கா எழுதியவற்றுக்குக் கீழே சிவப்புக் கோடு. அவ்வளவுதான் வேலை. ஜன்னலோரம் ஒரு மேஜை காட்டினார்.

சின்ன டீச்சர் நீலப் பென்சிலை எடுத்து முதல் பத்தியைப் படித்தார்.

‘ஹைட்ரஜன் அணுவிடம் ஒரே ஒரு எலக்ட்ரான் இருக்கிறது. அதற்கு இன்னும் ஒன்று தேவைப்படுகிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஹைட்ரஜன் அணுவின் நிலையும் அதுவே. கொடுத்துவிட இரண்டுக்கும் முடியாது, பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. எனவே இரண்டும் தங்கள் எலக்ட்ரானை நடுவில் வைக்கின்றன. நடுவில் இருக்கும் அந்த இணையை இரண்டு அணுக்கருக்களும் இழுக்கின்றன. அந்த இழுப்பே இரண்டையும் பிரியாமல் வைத்திருக்கிறது.’

பென்சில் இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. ‘தேவைப்படுகிறது.’ முதலில் அவர் எழுதியது ‘விரும்புகிறது’ என்று. அக்கா அடித்துவிட்டாள். ‘அணுவுக்கு ஏதுடி விருப்பம்? கல்யாணத்துக்கா நிக்குது?’ என்றாள். அக்கா எழுதிய ‘நிலைப்புத்தன்மை பெற இன்றியமையாததாகும்’ என்பதை இவர் அடித்துவிட்டார். சாப்பாடு ஆறிப்போகும்வரை சண்டை. கடைசியில் தாளில் இருந்தது ‘தேவைப்படுகிறது’. அதை யார் சொன்னது? நினைத்துப் பார்த்தார். இருவரும் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்ன குரல் நினைவில் இல்லை.

பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். எழுதும்போது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, ‘ம்ஹும்’ என்பதற்கு முன்னால் அக்கா கனைக்கிற அதே கனைப்பு. திரும்பினார். காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன.

ஒரு மணி நேரம் கழித்துப் பிரிவு அலுவலர் வந்து பார்த்தார். தாளில் ஒரு கோடும் இல்லை.

“பிரிக்க முடியலை சார்.”

“ஏன் முடியாது? நீங்களே பிரிச்சிருக்கீங்களே.” ஹைட்ரஜன் மூலக்கூறின் படத்தில் விரலை வைத்தார். “ஒரு அணுவோட எலக்ட்ரானைப் புள்ளியாப் போட்டிருக்கீங்க, இன்னொண்ணோடதைப் பெருக்கல் குறியாப் போட்டிருக்கீங்க. நடுவுல வந்த பிறகும் எது யாரோடதுன்னு பளிச்சுனு தெரியுது. அதே மாதிரி வாக்கியத்துக்கும் போடுங்க.”

“அது பசங்க எண்ணிப் பாக்கறதுக்காகப் போட்டது சார். நிஜத்துல எலக்ட்ரான்ல எந்த அடையாளமும் கிடையாது. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். சேந்த பிறகு எது எங்கேருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

பிரிவு அலுவலரின் முகம் மெல்ல மாறியது.

“அப்படின்னா பதினோரு வருஷமாப் புத்தகத்துல பொய்ப் படம் போட்டிருக்கீங்க.”

அன்று மதியமே இரண்டாவதாக ஒரு கோப்பு திறக்கப்பட்டது. வருத்தம் தெரிவிக்கும் ஏழு நிமிஷம் இதனால் ஒத்திவைக்கப்பட்டது.

கோப்புக்கு எண் வாங்க அவரைக் கீழ்த்தளத்துப் பதிவறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தார். நோயாளி தூங்கும் வீட்டில் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார். தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். உள்ளே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த வாக்கியங்கள், விரல் அகலத் தாள் துண்டுகளாகக் கிடந்தன. கதவு திறந்த காற்றில் அவை சரசரத்தன.

“கதவைச் சாத்திடுங்க. காத்து வந்தா பேச ஆரம்பிச்சுடுவாங்க” என்றார் பதிவறைப் பெண். அவர் சிரிக்கவில்லை.

“இதெல்லாம் புத்தகத்துலேர்ந்து எடுத்ததா?”

“ஆமா. இவர் புவியியல். ‘இந்த இடத்தில் ஆறு தெற்கே திரும்புகிறது’ன்னு எழுதியிருந்தார். போன வருஷம் தவறிட்டார். எடுத்துட்டோம். இப்ப பசங்க ஆத்தை நேராத்தான் வரையறாங்க. நேரா வரைஞ்சாத்தான் மார்க்கு. அந்தப் பெட்டியில ஒரு அம்மா, சரித்திரம். உடன்படிக்கை அவங்க எழுதினது. அவங்க போனதுலேர்ந்து எட்டாம் வகுப்புல போர் முடியவே இல்லை.” ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தார். “இது இலக்கணம். ‘ஆனால் அது அப்படி அல்ல.’ இவ்வளவுதான் இருக்கு. எது அப்படி இல்லைன்னு மூணு வருஷமா யோசிக்கறேன். வீட்ல சமைக்கும்போதுகூட வந்துடுது.”

மேஜைமேல் இரண்டு புதுப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பெரிய டீச்சரின் பெயர் அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. மற்றொன்றில் சின்ன டீச்சரின் பெயர்.

“இது?”

“உங்களுதுதான். தேதி மட்டும் போடலை” என்றார் பதிவறைப் பெண். “ஒரே பாடத்து ஆளுங்களுக்குச் சேத்தே செஞ்சு வெச்சுடுவோம். பக்கத்துப் பக்கத்துல அடுக்கலாம் பாருங்க.”

மறுநாள் காலை இயக்குநரின் அறையில் விசாரணை. இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் வாரியத்தின் வேதியியல் நிபுணர். நிபுணர் உப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உப்பைத் தவிர மற்றதெல்லாம் அவசரத்தில் செய்யப்பட்டவை என்பது அவர் அபிப்பிராயம்.

“உப்பை எடுத்துக்கோங்க” என்று அவர் ஆரம்பித்தார். “சோடியம் எலக்ட்ரானைக் குடுக்குது. குளோரின் வாங்கிக்குது. குடுத்தது யாரு, வாங்கினது யாரு, எல்லாம் தெளிவு. ஒரு ஒழுங்கு இருக்கு. இந்தச் சகப்பிணைப்புல என்ன இருக்கு? ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டே நிக்கறாங்க, ஒருத்தரும் விட மாட்டேங்கறாங்க. தண்ணியையும் உப்பு மாதிரியே எழுதிட்டா என்னம்மா?”

“தண்ணி அப்படி இல்லையே சார்.”

“புத்தகத்துலதானேம்மா மாத்தறோம். தண்ணியிலயா கை வைக்கறோம்?”

இயக்குநர் கையை உயர்த்தினார்.

“நான் இந்த வாரியத்துல இருபத்தெட்டு வருஷமா இருக்கேன்” என்றார். “ஒரு கோப்பு என் மேஜையில இருக்கும், இல்லேன்னா வேற ஒருத்தர் மேஜையில இருக்கும். ரெண்டு மேஜைக்கும் நடுவுல ஒரு கோப்பு நின்னு நான் பாத்ததில்லை. அப்படி விட்டா அது கீழ விழுந்துடும். இதுதான் இயற்கை. இன்னொண்ணும் சொல்றேன். இத்தனை வருஷத்துல நான் எந்தக் கோப்புலயும் ஒரு வரி எழுதினதில்லை, கையெழுத்து மட்டும்தான். நாளைக்கே நான் செத்தாலும் இந்த வாரியத்துலேர்ந்து ஒரு வார்த்தைகூட எடுக்க வேண்டியிருக்காது. அதைத்தான் நான் நிர்வாகம்னு சொல்றேன்.”

நிபுணர் மெய்ம்மறந்து தலையாட்டினார்.

“உங்களுக்கு ரெண்டு வழி இருக்கும்மா. இந்தப் பாடத்துல உங்க அக்கா ஒரு வாக்கியம்கூட எழுதலைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பாடம் அப்படியே இருக்கும், அவங்க பேர் மட்டும் போயிடும். அது வேண்டாம்னா, அவங்க எழுதினதைப் பிரிச்சுக் குடுங்க. அதை வெட்டிட்டு, பேரைக் கறுப்புக் கட்டம் கட்டி மரியாதையாப் போட்டுடறோம். நாளைக்குக் காலையில சொல்லிடுங்க. புத்தகம் அச்சுக்குப் போகணும்.”

அன்று சாயங்காலம், வீட்டு மேஜையின் ஒரு பக்கம் அத்தான் உட்கார்ந்து கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரில் சின்ன டீச்சர். நடந்ததைச் சொல்லி முடித்தார்.

“பேரா, எழுத்தா, எதை விடட்டும் அத்தான்?”

அத்தான் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“அந்தப் பாடத்தை நானும் நிறைய தடவை படிச்சிருக்கேன். எனக்குப் புரிஞ்சதில்லை. ஆனா நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து போட்ட சண்டை எல்லாம் அதுல கேக்கும். அவ பேர் மட்டும் இருந்து, சத்தம் இல்லேன்னா அது கல்லறை. சத்தம் இருந்து, பேர் இல்லேன்னா...” என்று தேடினார். “பக்கத்து ரூம்ல இருக்கான்னு வெச்சுக்கலாம்.”

“அப்ப கையெழுத்துப் போட்டுடட்டுமா?”

“அவ எழுதவே இல்லைன்னா?” அத்தான் கண்ணாடியைக் கீழே வைத்தார். “அப்படி எழுதாதே. நாளைக்கு அவ கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

இந்தத் தடவை சின்ன டீச்சருக்குத் தாங்கவில்லை. “அத்தான், அவ கேக்க மாட்டா” என்றார்.

“தெரியும்” என்றார் அத்தான். “தெரியாமலா இருக்கேன்?” கண்ணாடியை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

சின்ன டீச்சர் தாளை விரித்து இரண்டு பென்சில்களையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டார். இது யாருது? என்னுது இல்லை. அப்ப உன்னுதா அக்கா? பதில் கனைப்பாக வந்தது, ‘ம்ஹும்’ என்று முடிந்தது. தனியாக இருந்திருந்தால் அவர் எழுதியிருக்கக்கூடியது ஆசைப்படும் அணுக்களைப் பற்றிய கதை. அக்கா எழுதியிருக்கக்கூடியது யாரும் தொடாத மூன்று பக்கக் கல். இங்கே இருந்தது இரண்டும் அல்ல. முதல் வாக்கியத்தின் கீழே நீலக் கோடு போட்டார். அதே கோட்டின் மேலேயே சிவப்புக் கோடு போட்டார். கடைசி வாக்கியம்வரை அப்படியே. தாள் முழுவதும் காயம்பட்டுக் கன்றிப்போன நிறத்துக்கு வந்தது. அடியில் எழுதினார்:

‘இந்தப் பாடத்தில் என் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. என் அக்காவின் வாக்கியமும் ஒன்றுகூட இல்லை. தனியாக இருந்திருந்தால் எங்களில் யாராலும் இதில் ஒரு வரி எழுதியிருக்க முடியாது.’

வேலை போகும் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் அதைக் கொடுத்தார். மூன்று வாரம் வாரியத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு உத்தரவு வந்தது.

இரண்டு ஆசிரியர்களும் இந்தப் பாடத்தை எழுதவில்லை என்பது வாக்குமூலத்தால் தெளிவாகிறது. பாடமோ இருக்கிறது. ஆகவே இதை மூன்றாவதாக ஒருவர் எழுதியிருக்க வேண்டும். அந்த மூன்றாம் ஆசிரியருக்கு இறப்புச் சான்றிதழ் எதுவும் வரவில்லையாதலால் அவர் உயிருடன் இருக்கிறார். அவருக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் இல்லை. மறைந்தவர் பதில் தராவிட்டால் மறுப்பு. வாழ்கிறவர் பதில் தராவிட்டால் சம்மதம். எனவே பாடம் ஒரு எழுத்தும் மாறாமல் அவர் பெயரில் வெளிவரும். பொய்ப் படம் பற்றிய கோப்பும் அவர் பெயருக்கு மாற்றப்படுகிறது.

புத்தகம் வந்தது. பாடத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ‘ஆக்கம்: மூன்றாம் ஆசிரியர்’ என்று இருந்தது. அத்தான் அதைக் கிட்டத்திலும் தூரத்திலும் வைத்துப் பார்த்தார்.

மூன்றாம் ஆசிரியரின் மதிப்பு வாரியத்தில் வேகமாக உயர்ந்தது. கேட்டதற்கெல்லாம் சம்மதிக்கிற ஆசிரியர் ஒருவரை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. மற்றப் பாடங்களையும் அவர் பார்வைக்கு அனுப்பினார்கள். வாழும் ஆசிரியர்கள் பிரிவில் அவருக்கு ஒரு மேஜை போட்டார்கள். காலையும் மாலையும் அதில் தேநீர் வைக்கப்பட்டு, ஆறியதும் எடுக்கப்பட்டது. ஒரு வேலையாகப் போன சின்ன டீச்சரிடம் பிரிவு அலுவலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நேத்து நம்ம நிபுணர் எழுதின உப்புப் பாடத்தை அவர்கிட்ட வெச்சோம். ஒண்ணுமே சொல்லலை. அந்த அமைதியைப் பாத்ததுமே நிபுணருக்குப் புரிஞ்சுபோச்சு. வேர்த்துடுச்சு அவருக்கு. பாதியை அவரே அடிச்சுட்டார்.”

சின்ன டீச்சர் அந்த மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தாண்டும்போது, ஏன் என்று தெரியாமல், வேகமாக நடந்தார்.

ஆண்டு விழாவில் சிறந்த ஆசிரியர் விருது மூன்றாம் ஆசிரியருக்கு என்று அறிவித்தார்கள். விழாவுக்கு வரும்படி சின்ன டீச்சருக்கும் அழைப்பு வந்தது. ‘முன்னாள் தொடர்புடையவர்’ என்று போட்டிருந்தது. அத்தான் நல்ல சட்டையாக எடுத்து மாட்டிக்கொண்டு தானும் வருவதாகச் சொன்னார்.

பகல் பதினோரு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் இயக்குநர், நிபுணர், நடுவில் ஒரு காலி நாற்காலி. இயக்குநர் அரை மணி நேரம் பேசினார்.

“இவர் ஒருமுறைகூட என் அறைக்கு வந்து விளக்கம் கேட்டதில்லை. என் உத்தரவு எதையும் புரியவில்லை என்று சொன்னதில்லை. நான் இல்லாதபோதும் இவர் இப்படியே இருப்பார் என்று நம்புகிறேன். இப்படிப்பட்ட ஆசிரியர்களால்தான் இந்த வாரியம் நிற்கிறது. இப்போது அவர் சில வார்த்தைகள் பேசுவார்.”

ஒலிவாங்கியை நாற்காலியின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். கூட்டம் அடங்கியது. மேலே விசிறிகள் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முன்வரிசையில் சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டீச்சர் கைப்பையின் வாரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நாற்காலியையே பார்த்தார்.

ஒலிபெருக்கியில் சின்னதாக ஒரு கரகரப்பு. கம்பி ஏதோ உரசியிருக்கலாம்.

“அவ இப்படித்தான்” என்று அத்தான் காதருகில் சொன்னார். “தொண்டையைச் சரிபண்ணிக்கிட்டுத்தான் ஆரம்பிப்பா.”

சின்ன டீச்சர் திருத்தவில்லை. அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கணம் அரங்கம் முழுவதும் கைதட்டியது. கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அதற்குள் ஏதாவது பேசியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இருவரும் கடைசி வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நரைத்த தலையுடன் ஒரு ஊழியர் வந்து நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சுவரில் சாய்த்தார். மேடைக்கு ஏறினார். இயக்குநரின் நாற்காலியை மடக்கினார், நிபுணருடையதை மடக்கினார். நடுநாற்காலியின் அருகில் போய், குனிந்து, கையை நீட்டி, பிறகு நிமிர்ந்து இரண்டடி பின்னால் வந்தார். கீழே இருந்த இருவரையும் அப்போதுதான் பார்த்தார்.

“நீங்க இவங்களோட வந்தவங்களா?”

“ஆமா” என்றார் அத்தான்.

“அப்ப இருங்க. அவங்க எழுந்து வந்ததும் நான் பூட்டிக்கறேன்.”

சுவரோரம் போய் விசிறிகளை வரிசையாக நிறுத்தினார். மேடைக்கு நடுவில் இருந்த ஒன்றை மட்டும் ஓடவிட்டு, செருப்புச் சத்தம் வராமல் நடந்து வெளியே போனார்.